அமெரிக்காவில் பொறியாளர், சர்வேயர் உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் சிவில் படித்துவிட்டு மேற்படிப்புக்கோ வேலைக்கோ கணவன், மனைவியோடு சேரவோ அமெரிக்கா வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பி.இ. என்றால் புரொஃபஷனல் இன்ஜினியர் என்ற அமெரிக்க உரிமம்தான். கல்லூரியில் வாங்கியதைப் பட்டம் என்றே எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

உரிமம் இல்லாமல் இங்கே பொறியாளராக வேலையே பார்க்க முடியாதா?

தாராளமாகப் பார்க்கலாம். இங்கிருக்கும் பொறியாளர்களில் பெரும்பாலோரிடம் உரிமம் கிடையாது. கார் கம்பெனியிலோ சிப் தயாரிக்கும் ஆலையிலோ வேலை செய்பவருக்குப் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் விலக்கு அளிக்கின்றன. சிவில் நிறுவனத்திலும் பி.இ. ஒருவரின் கீழ் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம், வரைபடம் போடலாம்.

உங்கள் பெயரில் வரைபடத்துக்கு முத்திரை வைக்க வேண்டும், பொதுமக்களுக்கு நேரடியாகப் பொறியியல் சேவை தர வேண்டும், சொந்தமாக நிறுவனம் தொடங்க வேண்டும் என்றால்தான் உரிமம் கட்டாயமாகிறது. சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர், கட்டடம் இவற்றில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் ஒரு கட்டத்துக்கு மேல் பதவி உயர்வு நகராது. சர்வே விஷயம் வேறு. அங்கே தொழிற்சாலை விலக்கு போன்ற சந்து எதுவும் இல்லை. எல்லை அளந்து கையெழுத்திட வேண்டுமானால் உரிமம் வேண்டும், அவ்வளவுதான்.

மத்திய அரசு ஒரே உரிமமாகக் கொடுத்தால் என்ன? ஏன் ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதி?

தொழில் உரிமம் இங்கே மாநிலத்தின் அதிகாரம். டாக்டர், வக்கீல், முடிதிருத்துபவர் எல்லோருக்கும் அப்படித்தான். பொறியாளர் உரிமத்தை முதலில் கொண்டுவந்தது வயோமிங், 1907இல். ஆற்றுநீர் உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களோடு இணைத்திருந்த வரைபடங்களை வக்கீல்களும் நோட்டரிகளும் தாங்களே வரைந்து, பொறியாளர் என்றும் சர்வேயர் என்றும் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சலித்துப்போன மாநிலப் பொறியாளர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன்தான் சட்டத்துக்கு வழி செய்தார். அதாவது, தொடக்கத்திலேயே பொறியாளரும் சர்வேயரும் ஒரே சட்டத்துக்குள் வந்தார்கள்.

மற்ற மாநிலங்களில் பெரும் விபத்து ஒன்று நடந்த பிறகே சட்டம் வந்த கதையும் உண்டு. கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட் கல்லூரியில் பொறியியல் படிக்காமல் தானே கற்றுக்கொண்டு உயர்ந்தவர். அடுத்த வருடமே சிவில் பொறியாளர் சட்டம் வந்தது. டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் 1937 மார்ச் 18 அன்று பள்ளிக்கூடத்துக்கு அடியில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, கசிவு யாருக்கும் தெரியவில்லை. எரிவாயுவுக்கு நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற விதியும், டெக்சாஸின் பொறியாளர் உரிமச் சட்டமும் அந்த வருடமே வந்தன.

தேர்வு மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான். அதை நடத்துவது என்சிஇஇஎஸ் என்ற அமைப்பு. உரிமம் கொடுப்பது அந்த அமைப்பு அல்ல, மாநில வாரியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேர்வில் பாஸானவுடன் “நான் பி.இ.” என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். போடாதீர்கள். அது சட்டமீறல்.

நம் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறதா?

கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. பொறியாளர்களுக்கு அதுபோல நாடு தழுவிய உரிமச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் வருடத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உள்ளாட்சியில் பதிவு செய்துகொண்ட பொறியாளர் என்ற ஏற்பாடு உண்டு. கட்டட அனுமதிக்கு அது போதும். ஆனால் இங்குள்ள வாரியம் அதை உரிமமாக ஏற்காது.

மொத்தத்தில் வழி என்ன?

ஏற்கத்தக்க பட்டம், எஃப்.இ. என்ற பொறியியல் அடிப்படைத் தேர்வு, பொதுவாக நான்கு வருட அனுபவம், பி.இ. தேர்வு, பிறகு மாநில வாரியத்துக்கு விண்ணப்பம். சில மாநிலங்கள் இதற்கு மேல் சட்டம், தொழில் நெறி பற்றிய சிறு தேர்வையும் வைக்கின்றன. டெக்சாஸில் உண்டு. சர்வேயருக்கும் எலும்புக்கூடு இதேதான்: எஃப்.எஸ். என்ற சர்வே அடிப்படைத் தேர்வு, அனுபவம், பி.எஸ். என்ற சர்வே தொழில் தேர்வு, கூடவே அந்தந்த மாநிலச் சட்டத் தேர்வு.

பெரும்பாலோர் பயப்படுவது தேர்வுக்கு. ஆனால் இழுத்தடிப்பது தேர்வு அல்ல. ஊரிலிருந்து வர வேண்டிய மதிப்பெண் சான்றும், சரியாக எழுதப்படாத அனுபவப் பதிவும்தான் மாதக்கணக்கில் காக்க வைக்கும்.

எஃப்.இ. எப்படி இருக்கும்? படித்து முடித்துப் பத்து வருடமாகிறது.

110 கேள்விகள், மொத்தம் 6 மணிநேர அமர்வு. 2014 முதல் கணினியில்தான், பியர்சன் வியூ தேர்வு மையங்களில். சிவில், மெக்கானிக்கல், மின்னியல், வேதியியல், சுற்றுச்சூழல், தொழில்துறை, இதர துறை என்று ஏழு பிரிவு. சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், கையேடு திரையிலேயே வரும். அந்தக் கையேட்டை முன்பே தரவிறக்கி, எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கை பழகுவதுதான் பாதித் தயாரிப்பு.

கால்குலேட்டர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைகள் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டாம் செமஸ்டரில் வாங்கிய அதே பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அலகுகள்தான் கொஞ்ச நாள் தொந்தரவு தரும். கிப், ஸ்லக், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும். எஃப்.இ.யில் மெட்ரிக்கும் கலந்திருக்கும், சிவில் பி.இ.யில் அமெரிக்க அலகுகளே அதிகம்.

பத்து வருட இடைவெளி பெரிய தடை இல்லை. கணிதமும் நிலையியலும் திரும்ப ஒருமுறை ஓட்டினால் போதும். தவறினாலும் ஒரு காலாண்டுக்கு ஒரு முறை, பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை வரை எழுதலாம்.

என் இந்தியப் பட்டம் செல்லுமா? வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா இருக்கிறதே?

இருக்கிறது, 2014 முதல். பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. ஆனால் அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும், அதுவும் அந்த அங்கீகாரக் காலத்தில் படித்திருந்தால். அப்படிப் படித்தவராக இருந்தாலும் பல மாநில வாரியங்கள் ஒப்பந்தத்தை வைத்து மட்டும் பட்டத்தை ஏற்றுவிடுவதில்லை. பட்ட மதிப்பீடு ஒன்றைக் கேட்கும். அதைச் செய்வதும் பெரும்பாலும் என்சிஇஇஎஸ்தான்.

அவர்கள் உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கணிதமும் அடிப்படை அறிவியலும் இத்தனை செமஸ்டர் மணி, பொறியியல் பாடங்கள் இத்தனை மணி என்று கூட்டிப் பார்ப்பார்கள். நம் பட்டங்களில் பொறியியல் பகுதி வழிய வழிய இருக்கும். குறை வந்தால் பெரும்பாலும் கணிதம், அறிவியல் பக்கம்தான் வரும். குறை வந்தால் பட்டமே செல்லாது என்று அர்த்தமில்லை. பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் ஒன்றிரண்டு பாடம் படித்து நிரப்பச் சொல்லும் மாநிலம் உண்டு, கூடுதல் அனுபவத்தைக் கேட்கும் மாநிலமும் உண்டு. இங்கே முதுநிலை முடித்தவர்களுக்குச் சில மாநிலங்களில் மதிப்பீடே தேவைப்படாது. ஆகவே மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

இரண்டு நடைமுறைச் சிக்கல். முதலாவது, மதிப்பெண் சான்று பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். உங்கள் கையில் உள்ள லேமினேட் செய்த அசல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. ஊருக்கு விடுமுறைக்குப் போகும்போதே விண்ணப்பித்துவிட்டு வாருங்கள். பாடத்திட்ட நகலையும் ஒரு பிரதி வாங்கி வையுங்கள், கேட்கக்கூடும்.

இரண்டாவது, பெயர். சான்றிதழில் “எஸ். முருகன்”, பாஸ்போர்ட்டில் “முருகன் சுப்பிரமணியன்”, ஓட்டுநர் உரிமத்தில் “சுப்பிரமணியன்” முதல் பெயர். அமெரிக்க அலுவலகத்துக்கு இவர்கள் மூன்று ஆட்கள். என்சிஇஇஎஸ் கணக்கைத் திறக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தேர்வு மையத்தில் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால் அந்த இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

இந்தியாவில், துபாயில் பார்த்த வேலை அனுபவமாகக் கணக்கில் வருமா?

பல மாநிலங்களில் வரும். தகுதியுள்ள பொறியாளரின் மேற்பார்வையில் செய்தது என்று காட்ட வேண்டும். சில மாநிலங்கள் உரிமம் பெற்ற பி.இ.யின் கீழ் பார்த்த வேலையையே விரும்புகின்றன. அங்கே ஊர் அனுபவம் பலவீனப்படும். முதுநிலைப் பட்டத்தை ஒரு வருட அனுபவமாக ஏற்பதும் பரவலாக உண்டு.

வருடக்கணக்கைவிட, எழுதும் விதத்தில்தான் பலருடைய விண்ணப்பம் திரும்பி வருகிறது. நம்மவர்கள் பணிவாக எழுதிப் பழகியவர்கள். “மழைநீர் வடிகால் திட்டத்தில் பங்கேற்றேன், குழுவுக்கு உதவினேன்” என்று எழுதுவார்கள். வாரியத்தில் படிப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. நீங்கள் பொறியியல் முடிவு எடுத்தீர்களா என்பதே அவர் தேடுவது. அதையே இப்படி எழுதலாம்: “25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு நீர்வரத்தைக் கணக்கிட்டேன். ஏற்கெனவே இருந்த 24 அங்குலக் குழாய் போதவில்லை. 36 அங்குலமும் இரட்டை 24 அங்குலமும் ஒப்பிட்டு, மேலே மண் மூடும் ஆழம் குறைவாக இருந்ததால் இரட்டைக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கை மேற்பார்வைப் பொறியாளர் சரிபார்த்தார்.” திட்டம் அதே திட்டம்தான். ஆனால் இதில் ஒரு பொறியாளர் தெரிகிறார்.

தளத்தில் ஆள் எண்ணியது, பில் தயாரித்தது, ஆட்டோகேடில் வரைந்தது மட்டும் இருந்தால் அனுபவமாக எடுத்துக்கொள்வது கடினம். ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். நான்கு வருடம் கழித்து எந்தக் குழாய், எத்தனை அங்குலம் என்று யாருக்கும் நினைவிருக்காது. மேலதிகாரி வேறு கம்பெனிக்குப் போகும் முன் அவருடைய சொந்த மின்னஞ்சலையும் வாங்கிவிடுங்கள். பரிந்துரைக்க மூன்று முதல் ஐந்து பேர் தேவைப்படுவார்கள், அவர்களில் பெரும்பாலோர் பி.இ.யாக இருக்க வேண்டும்.

பி.இ. தேர்வு?

சிவிலுக்கு 80 கேள்வி, இடைவேளையோடு 9 மணிநேர அமர்வு. 2022 முதல் கணினியில். கட்டுமானம், மண் இயக்கவியல், கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும் என்று ஐந்து பிரிவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு காலையில் எல்லோருக்கும் பொதுத்தாள், மாலையில் சிறப்புத்தாள் என்று இருந்தது. 2024 ஏப்ரலில் அது மாறி, நாள் முழுக்க உங்கள் பிரிவுதான். பழைய பயிற்சிப் புத்தகங்களை நண்பரிடம் இரவல் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். நான்கு வருடம் முடியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பி.இ. எழுத அனுமதிக்கும் மாநிலங்கள் இருக்கின்றன, டெக்சாஸும் அதில் ஒன்று. வாய்ப்பிருந்தால் எழுதிவிடுங்கள். குழந்தை பிறந்த பிறகு 80 கேள்விக்கு உட்கார்ந்து படிப்பது தனிக் கலை.

ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு இல்லாமல் உரிமம் கிடைக்குமா?

கிடைக்கும். உங்களுக்கு முன்பே ஏராளமானவர்கள் வாங்கியிருக்கிறார்கள். நியூயார்க்கில் மருந்தாளுநர் உரிமத்துக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும் என்று இருந்த சட்டத்தை, விசாவில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2012இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. மற்றத் தொழில்களில் இருந்த விசாக்காரர்களுக்கும் அது தெம்பு தந்த தீர்ப்பு.

ஹெச்4 (ஹெச்1பிகாரரின் துணைவருக்கான) விசா, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. நான் என்ன செய்வது?

இது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் கேள்வி. ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். பல மாநிலங்களில் எஃப்.இ. தேர்வுக்கு நேராக என்சிஇஇஎஸ்ஸில் பதிந்துகொள்ளலாம், அந்த எண் தேவையில்லை. விசா எதுவாக இருந்தாலும் தேர்வு எழுதுவது வேலை பார்ப்பதாகாது. எழுதிவிடுங்கள், தேர்ச்சி காலாவதியாகாது.

எண் கேட்கப்படுவது உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது. குழந்தைகளுக்கான ஜீவனாம்சம் கட்டாமல் தப்புபவர்களைப் பிடிக்க வந்த மத்தியச் சட்டத்தால் எல்லாத் தொழில் உரிம விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் ஏறிவிட்டது. கலிபோர்னியா அதற்குப் பதிலாக வருமான வரிக்கான தனிநபர் எண்ணை ஏற்கிறது. வேறு சில மாநிலங்கள் எண் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தரச் சொல்கின்றன. வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கலிபோர்னியாவில் தனி விதி என்கிறார்களே?

ஆமாம். சிவிலுக்குப் பொதுத் தேர்வோடு நிலநடுக்கக் கோட்பாடுகள், பொறியியல் அளவை என்று இரண்டு மாநிலத் தேர்வுகள், சட்டத் தேர்வு ஒன்று. அதற்கு ஈடாக, மொத்தம் ஆறு வருடக் கணக்கில் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு நான்கு வருடம் கழித்துவிடுவதால், அப்படிப் பட்டம் பெற்றவருக்கு இரண்டு வருட அனுபவம் போதும். அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு இரண்டு வருடம்தான் கழிப்பார்கள்.

கட்டமைப்புப் பொறியாளருக்கு வேறு உரிமமா?

சில மாநிலங்களில். இல்லினாய் 1915இலேயே தனிச் சட்டம் போட்டது. அங்கே கட்டமைப்பு வேலைக்கு எஸ்.இ. உரிமம் வேண்டும். கலிபோர்னியாவில் மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு. எஸ்.இ. தேர்வு 2024 முதல் கணினியில் நான்கு பகுதியாக நடக்கிறது. எழுதியவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

சிவில் பி.இ. வாங்கிவிட்டால் நிலம் அளந்து எல்லை குறிக்கலாமா?

கூடாது. ஊரில் சிவில் படித்த யாரும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மனை அளந்து கொடுப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. வடிவமைப்புக்காக நில மட்டம் எடுப்பதைச் சில மாநிலங்கள் பொறியாளருக்கு அனுமதிக்கின்றன. சொத்து எல்லையைத் தீர்மானிப்பது சர்வேயர் மட்டுமே. கலிபோர்னியாவில் 1982க்கு முன் சிவில் உரிமம் பெற்றவர்கள், அதாவது 33965 வரை எண் உள்ளவர்கள், இன்றும் எல்லை அளக்கலாம். அதற்குப் பின் வந்தவர்கள் பொறியியல் அளவைத் தேர்வில் பாஸாக வேண்டும், ஆனால் அடுத்த வீட்டு வேலி எங்கே என்று சொல்லக்கூடாது!

எல்லை அளக்க அப்படி என்ன தனி உரிமம்? ஜிபிஎஸ் இருக்கிறதே.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஊரில் எல்லைத் தகராறு என்றால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம், அரசு சர்வேயர் புலப்படத்தோடு வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டுவிட்டுப் போகிறார். சர்வே எண், உட்பிரிவு, அளவு எல்லாம் அரசிடம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு அரசு சர்வேயர் உங்கள் வீட்டுக்கு வர மாட்டார். கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்து வைக்கும், எல்லைக்கு உத்தரவாதம் தராது. தனியார் சர்வேயர்தான் பழைய பத்திரங்களைத் தோண்டி, நிலத்தில் தடயம் தேடி, தன் கருத்தை முத்திரையிட்டுத் தருகிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதும் அவரே.

உதாரணமாக, பத்திரத்தில் கிழக்கு எல்லை 200 அடி. இரண்டு மூலையிலும் எழுபது வருடத்துக்கு முன் அடித்த இரும்புக் கம்பி கிடைக்கிறது. அளந்தால் 199.4 அடி. பொறியாளர் உடனே 200 அடிக்குப் புதுப் புள்ளி வைப்பார். சர்வேயர் அப்படிச் செய்ய மாட்டார். அந்தக் கம்பிகள் முதலில் அடித்தவையே என்றால் அவைதான் எல்லை, எழுத்தில் உள்ள எண் அதற்குப் பிறகுதான். மூலை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று திருத்துவதல்ல, எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதே சர்வேயர் வேலை என்று மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கூலி 1881இலேயே சொல்லிவைத்தார். பி.எஸ். தேர்விலும் மாநிலத் தேர்விலும் இந்தச் சட்ட அறிவைத்தான் துருவுவார்கள். ஜிபிஎஸ் உங்களுக்கு ஆயத்தொலையைத் தரும், எந்தக் கம்பி செல்லும் என்று சொல்லாது.

மாநிலத் தேர்வு எதற்கு என்றால், நில வரலாறு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1785ஆம் வருடத்துச் சட்டத்தால் கிளம்பிய சதுரக் கட்ட முறை முப்பது மாநிலங்களில். கிழக்கே பழைய குடியேற்றங்களில் மரம், கல், ஓடை என்று எல்லையைச் சுற்றிவரும் விவரணை. டெக்சாஸில் ஸ்பானியர் காலத்து மானியப் பத்திரங்களில் அளவு அடியில் இருக்காது, வாராவில் இருக்கும். அங்கே ஒரு வாரா 33⅓ அங்குலம்.

அடியிலேயே இரண்டு வகை இருந்தது. அமெரிக்க சர்வே அடி 2022 கடைசியோடு அதிகாரபூர்வமாக விடைபெற்றது. அதற்கும் சர்வதேச அடிக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் டாலஸ் பக்கத்தில் மாநில ஆயத்தொலை, அதாவது மாநிலம் வகுத்த தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணும் தூரம், வடக்கே ஏறத்தாழ 70 லட்சம் அடி. எந்த அடி என்று மாற்றிப் போட்டால் கட்டடம் 14 அடி நகர்ந்துவிடும். பழைய வரைபடங்களைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் இது இன்னும் கேட்க வேண்டிய கேள்வியே.

சர்வேயர் ஆக என்ன படிக்க வேண்டும்?

இங்கே மாநிலங்களுக்கிடையே வேறுபாடு பொறியாளரைவிட அதிகம். சிலவற்றில் நான்காண்டுப் பட்டமும் அதற்குள் இத்தனை மணிநேரம் சர்வே பாடமும் கட்டாயம். சிலவற்றில் படிப்பு குறைந்தால் கள அனுபவம் கூடினால் போதும். சிவில் பட்டத்தில் படித்த ஒன்றிரண்டு சர்வே பாடம் பெரும்பாலும் போதாது. கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் போன்று படித்தவர்கள் மதிப்பீட்டில் நல்ல நிலையில் இருப்பார்கள். கிண்டிக் கல்லூரியே 1794இல் சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. நுழைய எளிய வழி, சர்வே குழுவில் கருவி இயக்குபவராகச் சேர்வது. தேசிய சர்வேயர் சங்கம் நான்கு நிலைகளில் தொழில்நுட்பர் சான்றிதழ் தருகிறது, அது கையில் இருந்தால் வேலை கேட்க வசதி. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் இது. நம்மவர்கள் ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை, பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

உரிமத்தின் பெயரும் மாறும்: டெக்சாஸில் ஆர்.பி.எல்.எஸ்., புளோரிடாவில் பி.எஸ்.எம்., பல இடங்களில் பி.எல்.எஸ். மூலையில் அடிக்கும் இரும்புக் கம்பியின் தலையில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதில் பதிந்திருப்பது சர்வேயரின் உரிம எண் அல்லது நிறுவனத்தின் பெயர். புல் வெட்டும்போது தட்டுப்பட்டால் பிடுங்கிப் போடாதீர்கள், அது குற்றம்.

ட்ரோனில் படம் எடுத்து வரைபடம் விற்கலாமா?

படம் விற்கலாம். அளவு, உயரம், எல்லைக்கோடு சேர்த்தால் வம்பு. வட கரோலினாவில் ட்ரோன்காரர் ஒருவரைச் சர்வே வாரியம் தடுத்தது, அவர் பேச்சுச் சுதந்திரம் என்று வழக்குப் போட்டார். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. மிசிசிப்பியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பத்திர எல்லையை வரைந்து வங்கிகளுக்குக் கொடுத்த நிறுவனத்தின் வழக்கில், 2020இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் பேச்சுரிமை வாதத்தைத் தள்ளிவிட முடியாது என்றது. சட்டம் இன்னும் அலைபாய்கிறது. சொந்தப் பணத்தை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

முத்திரை வைத்தால் எனக்கு என்ன பொறுப்பு?

முழுப் பொறுப்பு, அதுவும் உங்கள் தனிப்பட்ட பெயரில். கம்பெனி மூடினாலும் உரிமம் உங்களுடையது, கேள்வியும் உங்களிடம்தான்.

கான்சஸ் சிட்டி ஹையட் ரீஜென்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 அன்று தொங்கும் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் நான்காம் மாடிப் பாலத்தின் ஊடாகச் சென்று இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கும் ஒற்றை நீளக் கம்பி. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது கஷ்டம் என்று அதை இரண்டு துண்டாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேல்ப்பாலத்தின் உத்திரத்தில் தொங்கத் தொடங்கியது. மேல் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டுக்குச் சுமை இரட்டிப்பானது. அந்தப் பட்டறை வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது, இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மிசௌரியில் கட்டமைப்புப் பொறியாளர் இருவர் உரிமத்தை இழந்தார்கள்.

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்கக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகங்களில் இருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். அங்கே வரைவது சட்டப்படி சரியே. ஆனால் இங்கே முத்திரை வைப்பவர் அந்த வேலையை ஆரம்பம் முதல் வழிநடத்தியிருக்க வேண்டும். இதற்கு ரெஸ்பான்சிபிள் சார்ஜ் என்று பெயர். முடித்து அனுப்பிய வரைபடக் கட்டைக் கடைசி நாளில் வாங்கி முத்திரை மட்டும் குத்திக் கொடுப்பது உரிமத்தைக் காவு வாங்கும் குற்றம். தாளுக்கு இவ்வளவு டாலர் என்று ஆசை காட்டி வருபவர்கள் உண்டு. நட்பே போனாலும் மறுத்துவிடுங்கள்.

உரிமம் இல்லை, ஆனால் பட்டம் இருக்கிறது. என்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

வீட்டில், விருந்தில், தாராளமாக. விளம்பரத்தில், ஒப்பந்தத்தில், சேவை தரும் இடத்தில் கவனம். ஒரிகனில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் சிக்னலில் மஞ்சள் விளக்கு போதிய நேரம் எரியவில்லை என்று கணக்குப் போட்டு வாரியத்துக்கு எழுதினார். கடிதத்தில் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதற்காகவும் உரிமமின்றிப் பொறியியல் செய்ததற்காகவும் 500 டாலர் அபராதம் வந்தது. ஸ்வீடனில் மின்னணுவியல் பட்டம் பெற்றவர் அவர். வழக்குப் போட்டு 2018இல் ஜெயித்தார். தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்வது அவருடைய பேச்சுரிமை என்றது நீதிமன்றம். “உரிமம் பெற்ற பொறியாளர்”, “பி.இ.” என்ற பெயர்களுக்கு அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் மறுபடியும் தேர்வா?

இல்லை. ஒரு மாநில உரிமத்தைக் காட்டி இன்னொன்றில் வாங்கலாம். சான்று, தேர்வு முடிவு, பரிந்துரைகளை என்சிஇஇஎஸ் பதிவேட்டில் ஒருமுறை ஏற்றிவைத்தால் ஒவ்வொரு முறையும் ஊருக்கு எழுத வேண்டியதில்லை. நம்மவர்களுக்கு அந்தப் பதிவேடு மிகவும் உதவும். கலிபோர்னியா மட்டும் தன் இரண்டு தேர்வையும் சிவில்காரர்களிடம் கேட்கும். சர்வேயர்கள் எங்கே போனாலும் மாநிலச் சட்டத் தேர்வை எழுத வேண்டும்.

புதுப்பிக்க என்ன?

டெக்சாஸில் பி.இ.க்கு வருடம் 15 மணிநேரத் தொடர்கல்வி, அதில் ஒன்று நெறிமுறை. புளோரிடாவில் இரண்டு வருடத்துக்கு 18, நியூயார்க்கில் மூன்று வருடத்துக்கு 36. கலிபோர்னியாவில் தொடர்கல்வி கிடையாது. பல மாநில உரிமம் வைத்திருப்பவர்கள் கடுமையான மாநிலத்தின் கணக்கை நிரப்பினால் மற்றவை பெரும்பாலும் தானே நிரம்பிவிடும். சான்றிதழ்களை எடுத்து வையுங்கள், திடீர் தணிக்கை வரும். முகவரி மாறினால் வாரியத்துக்குச் சொல்லுங்கள். புதுப்பிப்பு நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போய், உரிமம் காலாவதியானது தெரியாமல் முத்திரை வைத்து மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.